ஓவர்சீயரின் சாக்கிள் பின்

சம்மட்டியின் தலை பிடியிலிருந்து கழன்று, சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே போய் விழுந்தது.

வண்டிக்குக் கீழே சேற்றில் மல்லாந்து படுத்து, நீளக் குறட்டால் உளியைப் பிடித்துக்கொண்டிருந்த ஓவர்சீயர் பக்தவத்சலத்துக்கு அது தெரியாது. அடி ஏன் நின்றது என்றுதான் அவருக்கு ஆத்திரம். "மாரோ, ஜோர் ஸே மாரோ," என்று, ஓங்கி அடிக்கச் சொல்லி இந்தியில் கத்தினார். வெறும் பிடியோடு நின்ற ராஞ்சிக் கூலி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே ஓவர்சீயரின் மனைவி மங்கையர்க்கரசி வந்து நின்றாள். அவள் கையில் சம்மட்டித் தலை இருந்தது. அதிலிருந்து துவரம்பருப்பு சொட்டிக்கொண்டிருந்தது.

"இந்தாங்க. பருப்புச் சட்டியில கிடந்துது," என்றாள். "பின்னு அசைஞ்சிதா?"

அசையவில்லை. காலையிலிருந்து அடித்ததில் ஒரே ஒரு மாற்றம்தான். பின்னின் தலை காளான்போல விரிந்துவிட்டது. இனி அது அசைந்தாலும் ஓட்டை வழியாக வெளியே வராது.

பக்தவத்சலம் வண்டிக்கடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தார். கோபம் வந்தால் அவருக்கு முதலில் காது சிவக்கும், பிறகு கழுத்து. இப்போது சட்டைப் பொத்தான்வரை சிவந்திருந்தது. கூலியைத் திட்டினார், சம்மட்டியைத் திட்டினார், இந்த வண்டியைக் கட்டிய வெள்ளைக்காரனை அவன் பாட்டன் பூட்டன்வரை திட்டினார். ஜன்னலில் நின்றவளைத் திட்டக் காரணம் எதுவும் கிடைக்காததால், அடுப்பை ஏன் ஜன்னலோரம் வைத்தாய் என்று கேட்டார்.

அடுப்பை அங்கே வைத்தது அவளல்ல, யாரோ ஒரு கர்னல். சண்டைக் காலத்தில், தான் போகும் காட்டிலெல்லாம் மெத்தையில்தான் படுப்பேன் என்று அந்த மனிதர் ஒரு லாரியின் முதுகில் வீடு கட்டிக்கொண்டார். இரண்டு கட்டில், மடக்கு மேஜை, சமையலறை, வாசலில் மூன்று படி. சண்டை முடிந்து, கர்னல் ஊர்போய்ச் சேர்ந்து, வண்டி ஏலத்துக்கு வந்து, எப்படியோ கப்பலேறி அந்தமானுக்கு வந்து, ரோட்டு இலாகாவின் தலையில் விழுந்தது. இலாகா அதற்குக் 'கேம்ப் வண்டி' என்று பெயர் வைத்து, ரங்கத் பக்கம் ரோடு போட வந்த ஓவர்சீயருக்குக் குவார்ட்டர்ஸாகக் கொடுத்துவிட்டது. ரோடு நீள நீள வீடும் நகர்ந்தது. ஆறு வருஷத்தில் பதினோரு இடம். ஆரணியிலிருந்து வந்த மங்கையர்க்கரசி ஒவ்வோர் இடத்திலும் அவரைக்கொடிக்குப் பந்தல் போடுவாள். காய் காய்க்கும் சமயத்தில் வீடு புறப்பட்டுவிடும்.

இந்தப் பதினோராவது இடம் ரங்கத் கடைத்தெருவுக்கு இரண்டு மைல் வடக்கே இருந்தது. இங்கே வரும்போதே ஓர் ஓடையைத் தாண்டுகையில் பின்பக்க இடது ஸ்பிரிங் பட்டை உடைந்து, வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. புதுப் பட்டைக்கு எழுதிப் போட்டார்கள். அது மெயின்லேண்டிலிருந்து போர்ட் பிளேருக்கும், அங்கிருந்து லாஞ்ச் படகில் ரங்கத்துக்கும் வந்துசேர ஐந்து மாதம் ஆனது. வந்த கையோடு எஞ்சினியர் இராமகிருஷ்ணனின் உத்தரவும் வந்தது. வெள்ளிக்கிழமை நேரில் வருகிறேன், அதற்குள் வண்டி பதினாறு மைல் வடக்கே புதுக் கேம்ப்பில் நிற்கவேண்டும், மழை பிடித்துக்கொண்டால் அந்தப் பாதையில் ஒரு சக்கரமும் உருளாது என்று எழுதியிருந்தார். ஏற்கெனவே இரண்டு மெமோ வாங்கியிருந்த பக்தவத்சலத்துக்கு இது மூன்றாவதற்கான முன்னறிவிப்பு. மூன்று மெமோ சேர்ந்தால் வேலைக்கே உலை.

உத்தரவை அவர் படித்துக் காட்டியபோது மங்கையர்க்கரசி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அங்க கெணறு இருக்குதுங்களா?"

"ஓடை இருக்குது."

அவள் சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். எப்போதும்போல எதிர்த்து ஒரு வார்த்தை கிடையாது. இப்படிப்பட்ட மனைவி அமைந்தது தன் அதிர்ஷ்டம் என்று பக்தவத்சலம் நினைத்துக்கொண்டார்.

புதுப் பட்டை வைக்கோல் சுற்றிய பெட்டியில் தயாராகக் கிடந்தது. பழையது வெளியே வந்தால் அதை மாட்டிவிடலாம். பழையதை வண்டிச் சட்டத்தோடு கோத்துப் பிடித்திருந்தது கட்டைவிரல் பருமனில் ஓர் இரும்புப் பின். சாக்கிள் பின் என்பார்கள். அந்த ஒரு சாண் இரும்புதான் பதினாறு மைலுக்குக் குறுக்கே நின்றது.

அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் ரங்கத் கடைத்தெருவிலிருந்து மெக்கானிக் அப்துல் கனி வரவழைக்கப்பட்டார். ராமநாதபுரத்துக்காரர். தீவில் ஓடும் பாதி லாரிகள் அவர் கைவைத்தியத்தில்தான் உயிரோடிருந்தன. வண்டிக்கடியில் குனிந்து பார்த்தார், பின்னை விரலால் சுரண்டினார், சுரண்டிய விரலை நக்கிப் பார்த்தார்.

"இது துரு இல்ல ஸாப், உப்பு," என்றார். "இருபது வருசம் கடக்காத்து தின்னுருக்கு. பின்னும் அதைச் சுத்தி இருக்குற புஷ்ஷும் நிக்காஹ் பண்ணிக்கிருச்சு. இப்ப அது ரெண்டு இரும்பு இல்ல, ஒரே இரும்பு."

"பிரிக்க முடியுமா முடியாதா?"

"பிரிக்கலாம். சபுர் வேணும்."

பொறுமை என்ற சரக்கு பக்தவத்சலத்திடம் எந்த மொழியிலும் இருப்பு இல்லை. இருந்தாலும் கனி சொன்னபடி மண்ணெண்ணெயில் துணியை நனைத்துப் பின்னைச் சுற்றிக் கட்டினார்கள். காபி கொண்டுவந்த மங்கையர்க்கரசி, கதவுக் கீலுக்கெல்லாம் தேங்காயெண்ணெய் விட்டால் நன்றாக இறங்குமே என்று மெதுவாகச் சொன்னாள். இது கதவுக் கீல் இல்லை, பேசாமல் உள்ளே போ என்று அவர் சீறினார். அவள் போனாள். ஒரு மணி நேரம் கழித்துப் பக்தவத்சலம், மண்ணெண்ணெய் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது, அதன்மேல் தேங்காயெண்ணெய் ஊற்றினால் என்ன என்று தனக்கு ஒரு யோசனை தோன்றுவதாகக் கனியிடம் சொன்னார். ஒரு படி தேங்காயெண்ணெய் ஊற்றப்பட்டது. பின்னும் புஷ்ஷும் சட்டமும், சட்டத்துக்குமேலே இருந்த சமையலறைப் பலகையின் அடிப்பாகமும் எண்ணெய் குடித்தன. செவ்வாய்க்கிழமை மாலைவரை காத்திருந்து அடித்தார்கள். பின் அசையவில்லை.

புதன்கிழமை காலையில் கனி ஊதுவிளக்கோடு வந்தார். புஷ்ஷைச் சுடவைத்தால் விரியும், விரிந்தால் பின் வழுக்கும் என்பது அவர் கணக்கு. கணக்கில் பிழையில்லை. எண்ணெய்த் துணியை அவிழ்க்க இருவருமே மறந்ததுதான் பிழை. ஊதுவிளக்கின் நீலத் தீ அருகே போனதும் அடியில் ஒரு பந்தம் எரிந்தது. அது பலகைக்குத் தாவியது. நாலு கூலிகளும் கிணற்றுக்கு ஓடினார்கள். அணைத்து முடித்தபோது சமையலறைத் தரையில் ஒரு முறம் அகலத்துக்கு ஓட்டை விழுந்திருந்தது. ஓட்டை வழியாகக் கீழே பார்த்தால் பின் கருகருவென்று, முன்பைவிட உறுதியாக, அதே இடத்தில் இருந்தது.

பக்தவத்சலம் ஓட்டைக்கு இந்தப் பக்கம் மண்டியிட்டு உட்கார்ந்து பின்னை உறுத்துப் பார்த்தார். அவருடைய பன்னிரண்டு வருஷ சர்வீஸில் எதிர்த்துப் பேசிய ஆட்கள் உண்டு, ஓடிப்போன ஆட்கள் உண்டு. திட்டத் திட்ட இப்படிச் சும்மா இருந்த ஒன்றை அவர் பார்த்ததில்லை.

ஓட்டைக்கு அந்தப் பக்கம் மங்கையர்க்கரசியும் எட்டிப் பார்த்தாள்.

"இந்த மரச்சட்டந்தானே குறுக்கே மறைக்குது?" என்றாள். "வீட்டுப் பாடியைக் கொஞ்சம் தூக்கிட்டா மேலேருந்து நேரா அடிக்கலாம் இல்லைங்களா? எட்டு போல்ட்டுதானே பிடிச்சிருக்குது."

"உங்கப்பா ஆரணியில ஒர்க்ஷாப்பா வெச்சிருந்தார்? பட்டுத் தறிதானே வெச்சிருந்தார்?"

"ஆமாங்க," என்று ஒப்புக்கொண்டு அவள் கருகிய பலகையைப் பெருக்கத் தொடங்கினாள்.

எட்டு போல்ட் என்பது இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று ஒரு கணம் அவருக்குத் தோன்றியது. ஆனால் அப்போது அவர் கோபமாக இருந்தார். கோபத்தில் இருப்பவருக்கு யோசிக்க நேரமில்லை. கால்மணி நேரத்தில் பாடி போல்ட்டுகளைக் கழற்றச் சொல்லி உத்தரவு போட்டுவிட்டார். கனிக்கு அது பிடிக்கவில்லை. பட்டையைக் கழற்ற வந்தவன் வீட்டைக் கழற்றுவதா என்று முனகினார். பக்தவத்சலம் தன் கையாலேயே முதல் போல்ட்டில் ஸ்பேனரை வைத்தார். அது வெண்ணெயாகத் திரும்பியது. இரண்டாவதும் அப்படியே. கழல வேண்டிய ஒன்று மூன்று நாளாகக் கழலவில்லை, கழலக் கூடாத எட்டும் அரைமணி நேரத்தில் கையோடு வந்துவிட்டன. இந்த அநியாயத்தை யாரிடம் சொல்வதென்று தெரியாமல் அவர் ஸ்பேனரைக் காட்டுக்குள் வீசினார். பிறகு அது இலாகா ஸ்பேனர் என்பது நினைவுக்கு வந்து, தானே போய் முள்ளில் தேடி எடுத்துவந்தார்.

பாடியைத் தூக்க ஜாக்கி வைத்தார்கள். மேலே போகவேண்டிய பாடி அப்படியே இருக்க, ஜாக்கி கீழே போனது. முதல்நாள் பெய்த தூறலிலும், தீயை அணைக்க ஊற்றிய தண்ணீரிலும் நிலம் களிபோல் ஆகியிருந்தது. ஜாக்கிக்கு அடியில் கல் வைத்தார்கள், கல்லும் போனது. கடைசியில் ஜாக்கியின் கைப்பிடி மட்டும் சேற்றுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

"ஒரு ஜாக்கி போயிருச்சு ஸாப்," என்றார் கனி. "இன்னொண்ணு போர்ட் பிளேர்லதான் இருக்கு."

"நாளன்னிக்கு எஞ்சினியர் வர்றான் ஓய்."

"அப்ப அவரையே தூக்கச் சொல்லணும்."

பக்தவத்சலம் அன்று சாப்பிடவில்லை. தட்டைத் தள்ளிவிட்டு, வெள்ளிக்கிழமை இங்கே வண்டி நிற்பதை எஞ்சினியர் பார்த்தால் என்ன சொல்வார், அதற்குத் தான் என்ன சொல்லவேண்டும், அதற்கு அவர் என்ன எழுதுவார் என்று மனைவிக்கு முன்னால் இரண்டு பேர் குரலிலும் பேசிக் காட்டினார். இரண்டு குரலிலும் கோபம் இருந்தது. மங்கையர்க்கரசி பொறுமையாகக் கேட்டாள். பிறகு, காட்டு இலாகா யானை காலையில் இந்த வழியாகத்தான் கட்டை இழுத்துப் போகிறது, பெரிய பெரிய படாக் மரத்தையே அது சுண்டைக்காயாகத் தூக்குகிறதாம், கிணற்றடியில் பேசிக்கொண்டார்கள் என்றாள்.

"கிணத்தடியில பேசறதையெல்லாம் எங்கிட்டச் சொல்லாதே," என்றார் பக்தவத்சலம்.

வியாழக்கிழமை விடிந்ததும் முதல் வேலையாக யானை முகாமுக்குப் போய் நின்றார்.

யானையின் பெயர் சாந்தி. அதை நடத்திய பாகன் சொக்கலிங்கம் ஆனைமலைக் காட்டிலிருந்து யானைகளோடு கப்பலில் வந்தவர். அதிகம் பேசாத மனிதர். இலாகா யானையை இன்னோர் இலாகா வேலைக்குக் கேட்டால் ஆயிரம் காகிதம் வேண்டும் என்று எதிர்பார்த்து, அதற்கெல்லாம் தயாராகக் கோபத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு போயிருந்தார் பக்தவத்சலம். சொக்கலிங்கம் மறுபேச்சுப் பேசாமல், சரிங்க, பதினோரு மணிக்கு யானை குளிக்கப் போயிரும், அதுக்குள்ள முடிச்சிரலாமுங்க என்றார். சேர்த்து வைத்த கோபம் வீணாயிற்று.

ஒன்பது மணிக்குச் சாந்தி வந்தது. கூடவே உருட்டுக் கட்டைகளும் வந்தன. அவை எதற்கு என்று பக்தவத்சலம் கேட்டதற்கு, ஒரு பாதுகாப்புக்குத்தானுங்க என்றார் சொக்கலிங்கம். வண்டிக்குப் பக்கத்தில் கிணற்றுப் பக்கமாக இருந்த மேட்டுவரைக்கும் கட்டைகளை வரிசையாகப் போட்டார். மங்கையர்க்கரசி பாத்திரம் பண்டமெல்லாம் சாக்கில் கட்டி, ஏற்கெனவே வெளியே கொண்டுவந்து வைத்திருந்தாள். பயணத்துக்குத் தயாராகிவிட்டாளே என்று அந்தக் கோபத்திலும் பக்தவத்சலத்துக்கு மனம் குளிர்ந்தது.

ஏற்பாடு எளிமையானது. சங்கிலியைப் பாடியின் அடிச்சட்டத்தில் கட்டவேண்டும். யானை லேசாக இழுத்துத் தூக்கிப் பிடிக்கவேண்டும். இடைவெளியில் கனி மேலிருந்து நேராக ஓர் அடி போடவேண்டும். பக்தவத்சலம் நடுவில் நின்று கையை உயர்த்தினார்.

"தோடா, தோடா," என்றார். கொஞ்சமாக, கொஞ்சமாக.

சொக்கலிங்கம் யானையிடம் ஏதோ சொன்னார். அது நிச்சயமாகக் கொஞ்சமாக என்பதில்லை. சாந்தி ஒரு பெருமூச்சு விட்டு முன்னே நடந்தது. பாடி ஒருமுறை முனகியது. பிறகு கட்டில், மேஜை, ஜன்னல், மூன்று படி எல்லாவற்றோடும் சேசிஸை விட்டு இறங்கி, உருட்டுக் கட்டைகள்மேல் ஏறி, நிதானமாக ஒரு தேர்போல நகர்ந்தது. "ருக்கோ, ருக்கோ" என்று கத்திக்கொண்டே பக்தவத்சலம் கூடவே ஓடினார். கதவைப் பிடித்து நிறுத்தப் பார்த்தார். கதவு திறந்துகொண்டது, அவர் உள்ளே விழுந்தார். வீடு மேட்டில் போய் உட்கார்ந்தது. அவர் எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, முப்பது அடி தூரத்தில் நாலு சக்கரமும் ஓட்டுநர் அறையும் ஒரு மொட்டைச் சட்டமும் நின்றுகொண்டிருந்தன. அதன் பக்கத்தில் கனி சம்மட்டியை ஓங்கியபடியே இருந்தார், அடிக்க எதுவும் இல்லாமல்.

கனி சம்மட்டியைக் கீழே வைத்தார். குனிந்து சேற்றிலிருந்து எதையோ எடுத்தார். இழுத்த இழுப்பில் பாடி இடித்து, சேசிஸில் பின்னைப் பிடித்திருந்த கொக்கி பிளந்து, பின் தானாகவே கழன்று விழுந்திருந்தது. அதை லுங்கியில் துடைத்து, இரண்டு கையாலும் கொண்டுவந்து ஜன்னலில் நின்றவரிடம் நீட்டினார்.

"நெனச்ச காரியம் நடந்துருச்சு ஸாப்," என்றார்.

பக்தவத்சலம் அன்று திட்டிய திட்டுகளை ரங்கத் பக்கத்தில் வெகுகாலம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். தமிழில் தொடங்கி இந்தியில் ஏறி, பாஷையே இல்லாத ஓர் இடத்துக்குப் போய் முடிந்தது. சாந்தி காதை ஆட்டிக்கொண்டு கேட்டது. பதினோரு மணி ஆனதும் குளிக்கப் புறப்பட்டது. போகும்போது சொக்கலிங்கம் மட்டும் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வீட்டைப் பார்த்து, திருப்தியில்லாதவர்போலத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அதற்கும் சேர்த்துத் திட்டினார் பக்தவத்சலம்.

வெள்ளிக்கிழமை மழையோடு எஞ்சினியர் இராமகிருஷ்ணன் ஜீப்பில் வந்து இறங்கினார். குடைக்குக் கீழே நின்று சேசிஸைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார், மறுபடி சேசிஸைப் பார்த்தார். பக்தவத்சலம் கையில் பின்னை வைத்துக்கொண்டு, நடந்ததை முதல் சம்மட்டி அடியிலிருந்து ஒன்றுவிடாமல் சொன்னார். பேசப் பேசக் குரல் ஏறியது. மூன்றாவது மெமோவை வாங்கிக்கொள்ளத் தயாராக, வேலை போனால் போகட்டும் சார் என்றுகூடச் சொல்லிவிட்டார்.

எஞ்சினியர் வீட்டுக்குள் போய், மங்கையர்க்கரசி கொடுத்த சூடான காபியைக் குடித்தார். ஒழுகாத கூரையை நிமிர்ந்து பார்த்தார்.

"ஓவர்சீயர், இதை நான் எந்த ரிஜிஸ்தர்ல எழுதறது?" என்றார். "சக்கரம் இருந்தாத்தான் வண்டி. இது கட்டிடம் ஆயிடுச்சு. கட்டிடத்தை எப்படி ஷிப்ட் பண்ணுவீங்க?"

பிறகு அவரே வழியும் சொன்னார். சேசிஸுக்குக் கொக்கியை ஒட்டவைத்து, புதுப் பட்டையை மாட்டி, கல் ஏற்றும் வண்டியாக வடக்கே அனுப்பவேண்டியது. புதுக் கேம்ப்புக்குக் கல்யாணமாகாத ஓர் ஆளைக் கூடாரத்தோடு அனுப்புவது. போட்டு முடித்த ரோட்டைப் பராமரிக்க இங்கே ஓர் ஓவர்சீயர் எப்படியும் தேவை. பக்தவத்சலம் இங்கேயே இருந்துகொள்ளலாம், இனி நிரந்தரமாக. மெமோவைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை.

ஜீப் போனபின் பக்தவத்சலத்துக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. ஒரு வாரமாகக் கோபப்பட்டுக் கோபப்பட்டு உடம்பு அதற்கே பழகிவிட்டிருந்தது. இப்போது கோபப்பட ஒன்றும் மிச்சமில்லாததே பெரிய எரிச்சலாக இருந்தது. "எல்லாம் இந்தப் பின்னுனால வந்துது," என்று மனைவியிடம் குறைப்பட்டுக்கொண்டார். "உனக்குந்தான் பாவம், எவ்வளவு அலைச்சல்."

"பரவாயில்லைங்க," என்றாள் மங்கையர்க்கரசி.

சனிக்கிழமை காலை மழை விட்டிருந்தது. பக்தவத்சலம் படியில் உட்கார்ந்து முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். மங்கையர்க்கரசி கிணற்றுக்குப் போயிருந்தாள். யாரும் வரச்சொல்லாமலே சாந்தி அசைந்து அசைந்து வந்து மேட்டருகே நின்றது. சொக்கலிங்கம் இறங்கி வந்து வணக்கம் வைத்தார். கையில் சங்கிலி இருந்தது. பக்தவத்சலத்தின் காது சிவக்கத் தொடங்கியது. இன்னும் எதை இழுக்க வந்தாய் என்று கேட்டார்.

பாகன் தலைப்பாகையை அவிழ்த்து, கொஞ்சம் சங்கடத்தோடு சொன்னார்.

"உங்க வூட்டு அம்மிணி போன மாசமே இந்த மேட்டைக் காட்டி, வாசல் கிழக்கே பாத்து இருக்கோணும்னு சொல்லியிருந்தாங்க, அன்னிக்கு இழுத்ததுல துளி வடக்கே திரும்பிருச்சு, நீங்க கொஞ்சம் எந்திரிச்சீங்கன்னா சரி பண்ணிக் குடுத்துட்டுப் போயிடறனுங்க."